வெப்எம் வீடியோவிலிருந்து எடுத்த பாட்டு பழைய அம்ப்ளிஃபையரில் ஏன் பாடவில்லை?

"இணையத்தில் இறக்கிய வீடியோவின் கடைசியில் எம்பி3 என்று பெயர் மாற்றியும் பழைய பிளேயர் எடுக்கவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். வாசித்ததும் சிரிப்பு வந்தது. உங்களைப் பார்த்து இல்லை. இதே வேலையைச் செய்துவிட்டு, விடியக்காலை நாலரை மணிக்குக் கோயில் வாசலில் முழி பிதுங்கி நின்றவன் நான்.

திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் எங்கள் வீடு. ஊர்க் கோயிலில் திருவிழா என்றால் கோணேசர் பதிகத்தை என் பெரியப்பாதான் பாடுவார். அவர் காலமான பிறகு வந்த முதல் திருவிழாவுக்கு, "அவரின்ர குரலையே போடு தம்பி" என்று பெரியம்மா கேட்டா. கனடாவில் இருக்கிற மச்சான் முந்தி போனில் எடுத்து இணையத்தில் போட்ட வீடியோ இருந்தது. இறக்கினால் வெப்எம். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரிப் பெயரை மட்டும் மாற்றி, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனேன். அம்ப்ளிஃபையரில் சொருகினால் சிவப்பு எழுத்தில் 'நோ ஃபைல்'. ஐயர் என்னைப் பார்க்கிறார், நான் பென்னைப் பார்க்கிறேன்.

பால்மாப் பேணிக்குள் மிளகாய்த்தூள் இருந்தால், லேபலை நம்பித் தேத்தண்ணியில் போட ஏலுமா? வெப்எம் என்பதும் ஒரு பேணிதான். 2010 இல் கூகிள் கொண்டுவந்தது. உள்ளே இருக்கிற ஒலி, வோர்பிஸ் அல்லது ஓபஸ் என்ற முறையில் சுருக்கியது. ஓபஸ் ஒரு பொது நியமமாக வெளிவந்ததே 2012 இல். பழைய அம்ப்ளிஃபையரில் இருக்கிற மலிவான சிப்புக்கு எம்பி3 தெரியும், சிலதுக்கு வேவ், டபிள்யூஎம்ஏ தெரியும். அவ்வளவுதான். அதனால் ஒலியைப் புதிதாகவே எம்பி3 ஆக மாற்ற வேண்டும்.

விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயர் கணினியில் இருந்தால் போதும். வீடியோவைப் பாடவிட்டு கன்ட்ரோலும் ஜேயும் அழுத்தினால் உள்ளே என்ன கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கிய முறை எது என்று காட்டும். பிறகு மீடியா மெனுவில் 'கன்வேர்ட் / சேவ்', ஃபைலைச் சேர்த்து, 'ஓடியோ - எம்பி3' என்ற புரொஃபைல். பக்கத்தில் இருக்கிற ஸ்பானர் படத்தைத் தட்டி 128 கேபிபிஎஸ், 44100 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கோயில் குழாய் ஸ்பீக்கருக்குப் போகிறதென்றால் சனல் 1, அதாவது மோனோ போதும். ஸ்டீரியோவில் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கிற அம்ப்ளிஃபையர்கள் உண்டு, பாடுகிறவர் மற்றப் பக்கத்தில் இருந்தால் மிருதங்கம் மட்டும்தான் கேட்கும்.

பழைய எஃப்எல்வி வீடியோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வசதி. அதற்குள் பல நேரம் ஒலி ஏற்கெனவே எம்பி3 ஆகவே கிடக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மாற்றும் மென்பொருளில் 'கொப்பி' என்று சொல்லி அப்படியே உருவி எடுக்கலாம், தரம் துளியும் குறையாது. எம்பி4 இல் அந்தப் பருப்பு வேகாது. அதற்குள் பெரும்பாலும் ஏஏசி என்ற வேறு ஒலி வகை.

"வேவ் ஆக்கினால் இன்னும் தெளிவாக இருக்கும்" என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஓபஸ் ஆக்கும்போது விழுந்தது விழுந்ததுதான். சீடி தரத்தில் வேவ் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும், 128 கேபிபிஎஸ்ஸில் எம்பி3 ஒரு மெகாபைட்தான். பிளேயர் எம்பி3 எடுக்கவே மாட்டேன் என்றால் மட்டும் வேவுக்குப் போங்கள். மற்றது, எடுத்த எம்பி3 ஐ இன்னொரு தரம் எம்பி3 ஆக்காதீர்கள். வெட்டுகிற வேலை இருந்தால் மூல வீடியோவிலிருந்தே திரும்பத் தொடங்குங்கள்.

எல்லாம் சரியாகியும் பாடாவிட்டால் பென்னைப் பாருங்கள். பழைய பெட்டிகள் பல ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபோர்மட் பண்ணிய பென்னைத்தான் வாசிக்கும். தமிழில் பெயர் வைத்தால் திரையில் கட்டம் கட்டமாக வரும். நான் வெறும் '01' என்று வைத்துவிடுவேன்.

அன்றைக்கு வீட்டுக்குச் சைக்கிளில் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்து, பூசை முடிகிற நேரத்தில்தான் போட்டேன். மூன்றாவது பாட்டுக்கு நடுவில் பெரியப்பா நன்றாக இருமுகிறார். அடுத்த வருடம் ஒடாசிட்டி என்ற ஒலி வெட்டுகிற மென்பொருளில் அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். பெரியம்மா விடவில்லை.