டயப்பரைத் தராசில் வையுங்கள்

கேள்வி: என் கணவருக்கு 66 வயது. ப்ராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. புற்றுநோய் திரும்புகிறதா என்று பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் கவலை இல்லை. ஆனால் இருமினால், எழுந்தால் சிறுநீர் கசிகிறது. பேத்தியின் காதுகுத்துக்குக்கூட வரவில்லை. சிறுநீர் கசியாமல் அடைத்துவைக்கும் கருவியான செயற்கை ஸ்பிங்க்டர் வைக்கலாம் என்கிறார் டாக்டர். யூடியூபில் ஒருவர் மறுபிறவி என்கிறார், இன்னொருவர் வைக்கவே வைக்காதீர்கள் என்கிறார். யாரை நம்புவது, சிஸ்டர்?
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: இரண்டு பேருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம் அம்மா, அவரவர் உடம்பைப் பற்றி. உங்கள் வீட்டுக்காரருக்கு ரேடியேஷன் கொடுத்தார்களா? கடிதத்தில் அது இல்லை. கொடுத்திருந்தால் கருவியின் வளையம் சிறுநீர்க் குழாயை அரித்துவிடும் ஆபத்து கூடும். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட்ஸ், பயாப்சி ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். எந்த வீடியோவையும்விட அதில் விஷயம் அதிகம்.

அப்புறம் கசிவை அளக்க ஒரு தராசு வேண்டும். சமையலுக்கு மாவு நிறுக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு போதும். புது டயப்பரின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறுவரை கழற்றுவதையெல்லாம் பிளாஸ்டிக் கவரில் கட்டி நிறுத்து, உலர்ந்த எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி. வார்டில் நான் கேட்டால் எல்லோரும் "நிறையப் போகுது சிஸ்டர்" என்பார்கள். அதை வைத்து டாக்டர் என்ன முடிவெடுப்பார்? கசிவு குறைவென்றால் குழாயைத் தாங்கிப் பிடிக்க உள்ளே வைக்கும் ஸ்லிங் என்ற நாடாவே போதலாம். அதிகமென்றால்தான் பெரும்பாலும் ஸ்பிங்க்டர். இடுப்புத் தசைப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தாரா என்றும் கேளுங்கள், நிறைய ஆண்கள் செய்ததாகச் சொல்வார்கள்.

கருவி இப்படித்தான்: குழாயைச் சுற்றி நீர் நிரம்பிய வளையம், வயிற்றுக்குள் பலூன், விதைப்பையில் பம்ப். பம்பை அமுக்கினால் வளையத்து நீர் பலூனுக்குப் போகும், வழி திறக்கும். சில நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும். விரலில் மூட்டுவாதம் இருந்தால் இது சிரமம். ஆபரேஷன் முடிந்ததும் ஓட ஆரம்பிக்காது, சுமார் ஆறு வாரம் கழித்துத்தான் இயக்குவார்கள். அதுவரை டயப்பர்தான். ஆயுசுக்கும் உழைக்காது, பழுதானால் மறுபடி ஆபரேஷன்.

டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை பேருக்கு வைக்கிறீர்கள்? எத்தனை பேருக்குத் திரும்பத் திறக்க வேண்டி வந்தது? சுரப்பியை எடுத்தபின் குழாயைத் தைத்த இடம் சுருங்கியிருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்த்தாகிவிட்டதா? வைத்துக்கொண்ட ஒருவரோடு பேச முடியுமா? முகம் சுளித்தால் இன்னொருவரைப் பாருங்கள். பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், எதிரே ஜி.எச். அங்கே சிறுநீரியல் துறையில் ஃபைலைக் காட்டலாம். வரிசையில் நிற்கத்தான் வேண்டும். படித்துத் தெரிந்துகொள்ள ஐரோப்பிய சிறுநீரியல் சங்கம் நோயாளிகளுக்கென்றே எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. பேரனையோ பேத்தியையோ வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கருவி வைத்தால், 'ஸ்பிங்க்டர் இருக்கிறது, கருவியை ஆஃப் செய்யாமல் சிறுநீர் டியூப் போடாதீர்கள்' என்ற அட்டை அவர் பர்ஸில் எப்போதும் இருக்கட்டும். எமர்ஜென்சியில் தெரியாமல் டியூப் செருகினால் குழாய் காயப்படும்.