பத்து கிலோ வராது, பன்னிரண்டு வரும்

கேள்வி: சேலத்தில் வசிக்கிறேன். வயது 29, எடை 74 கிலோ. ஆறு வருடம் முன்பு வாங்கிய 26 அங்குல அலுமினிய எம்டிபி (மலைப் பாதை சைக்கிள்) ஒன்று மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. 21 கியர், வி பிரேக், முன்சக்கரத்தைப் பிடித்திருப்பது ஸ்பிரிங் ஃபோர்க். மொத்த எடை 15.4 கிலோ. இதைக் கியர் இல்லாத ஒற்றை வேக சைக்கிளாக மாற்றி, ஏற்காடு அடிவாரத்து மண் பாதைகளில் ஓட்ட ஆசை. 15,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். 28,000 கொடுத்தால் கார்பன் ஃபோர்க் போட்டு 10 கிலோவுக்குள் கொண்டுவருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். உங்கள் ஃப்ரேமும், டயர் இல்லாத இரண்டு சக்கரங்களும் மட்டுமே நாலு, நாலரைக் கிலோ வரும். அவற்றை மாற்றாமல் 10 கிலோவைத் தொட முடியாது. அவற்றை மாற்றுவதென்றால் 28,000 போதாது. அந்த 10 கிலோவை எந்தத் தராசில் காட்டுவார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். சைக்கிள் பெடல், சீட் எல்லாம் பூட்டி ஓட்டத் தயாராக இருக்கும்போது தராசில் தொங்க வேண்டும். பெடல் இல்லாத எடையைச் சொல்லி விற்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. 12 கிலோ சாத்தியம். அதுவும் உங்கள் 15,000க்குள்ளேயே.

முதலில் ஒரு கொக்கித் தராசு வாங்குங்கள், ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்ப்பார்களே, அது. பிறகு ஸ்டாண்ட், மட்கார்டு, ரிஃப்ளெக்டர், தண்ணீர் பாட்டில் கூண்டு, கேரியர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அரைக் கிலோவுக்கு மேல் போய்விடும், ஒரு பைசா செலவில்லை. (மணியை விட்டுவிடுங்கள். மண் பாதையில் ஆடு வரும்.) செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் முன் டீரெய்லர், கியர் மாற்றும் இரண்டு ஷிஃப்டர், கேபிள்கள் போனால் இன்னொரு அரைக் கிலோ. பின் டீரெய்லரை மட்டும் தூக்கி எறியாதீர்கள். அதற்கு வேலை இருக்கிறது.

இப்போது நான் அதிகம் எரிச்சல்படும் விஷயத்துக்கு வருகிறேன். 'சிங்கிள் ஸ்பீடு கன்வெர்ஷன் கிட்' என்ற பெயரில் ஒரு பல்சக்கரமும் சில வளையங்களும் சேர்த்து ஆன்லைனில் விற்கிறார்கள். அது கேசட் ஹப்புக்கானது, அதாவது பல்சக்கரங்களைத் திருகாமல் செருகி ஏற்றும் சக்கர நடுப்பகுதிக்கானது. 21 கியர் சைக்கிள்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருப்பது கேசட் இல்லை, மரையில் திருகி ஏற்றிய ஃப்ரீவீல். அந்தக் கிட் உங்கள் சக்கரத்தில் ஏறவே ஏறாது. மாதத்துக்கு இரண்டு பேராவது அந்தப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் பட்டறைக்கு வருகிறார்கள். வாங்குவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். பின்சக்கரத்தைக் கழற்றி, பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் கருவி மாட்டுவதற்கான வரிவரியான பள்ளம் தெரியும். அது பல்லோடு சேர்ந்து சுற்றினால் கேசட், சுற்றாமல் நின்றால் ஃப்ரீவீல்.

ஃப்ரீவீல் என்றால் வருத்தப்படாதீர்கள், அதுதான் சிக்கனம். அந்த மரை பழைய பிரிட்டிஷ் அளவு: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. பால்காரர் சைக்கிளில் போடும் ஒற்றை ஃப்ரீவீலுக்கும் இதே மரைதான். எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதன் பல் தடிமன், கியர் சைக்கிள் செயின் அதில் உட்காராது. பழைய செயினைப் போட்டுவிட்டு 'டக் டக்' என்று தாவுகிறது என்று சொல்லாதீர்கள். எட்டில் ஒரு அங்குல அகலச் செயின் என்று கேட்டு வாங்குங்கள். முன்பக்கப் பல் மெல்லியதாக இருந்தாலும் அந்த அகலச் செயின் அதில் ஓடும், பிரச்சினை இல்லை. பழைய ஃப்ரீவீலைக் கழற்ற அதற்கான கருவியை வைஸில் பிடித்து, சக்கரத்தைத்தான் இடப்பக்கம் திருப்ப வேண்டும். உளியும் சுத்தியலுமாக ஒருவர் வந்தால் சக்கரத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். புதியதை ஏற்றும்போது மரையில் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், ஏனென்றால் நீங்கள் மிதிக்க மிதிக்க அது தானாக இறுகும்.

ஒற்றை ஃப்ரீவீல் ஸ்போக்கை ஒட்டி உள்ளே உட்காரும். முன்பல் வெளியே இருக்கும். செயின் சாய்ந்து ஓடினால் சத்தம் போடும், கழன்றும் விழும். அச்சின் வலப்பக்கம் இருக்கும் வளையத்தை எடுத்து இடப்பக்கம் போட்டால் ஹப் சில மில்லிமீட்டர் வலப்பக்கம் நகரும். பிறகு ஸ்போக்குகளைச் சரிசெய்து ரிம்மை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இதில் ஒரு லாபமும் உண்டு. இரு பக்க ஸ்போக் இழுவையும் ஏறக்குறைய சமமாகிவிடுவதால் சக்கரம் முன்பைவிட உறுதியாகும். கோட்டம் எடுக்கத் தெரிந்த பெரியவர் எவரும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். பின்னால் டிஸ்க் பிரேக் இருந்திருந்தால் இந்த வேலை நடக்காது. உங்களுக்கு வி பிரேக் என்பது அதிர்ஷ்டம்.

பெடல் மாட்டும் கையான கிராங்க்கைக் கவனியுங்கள். மூன்று முன்பல்களும் ரிவெட் அடித்து ஒட்டியிருந்தால் தனியாகக் கழற்ற முடியாது. ஒரு பல் தேய்ந்தாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று வேண்டுமென்றே செய்த வேலை அது. அதைக் கழற்றிவிட்டு, நான்கு போல்ட்டில் பல் மாட்டும் சாதாரண அலுமினிய கிராங்க் ஒன்று வாங்கி, 32 பல் மட்டும் போடுங்கள். முந்நூறு கிராம் அளவுக்குக் குறையும். பிபி (கிராங்க் சுற்றும் அச்சுத் தொகுதி) மாற்ற வேண்டி வந்தால் வலப்பக்கக் கப்புக்கு எதிர்த்திசை மரை என்பதை மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரியும் தெரியும் என்பார். பரவாயில்லை, சொல்லுங்கள். அலுமினிய ஃப்ரேமில் அந்த மரை போனால் ஃப்ரேமே போனது மாதிரி.

பின்னால் எத்தனை பல்? 26 அங்குலச் சக்கரத்துக்கு முன்னால் 32க்குப் பின்னால் 18 என்பார்கள். சமதரைக்கு அது சரி. ஏற்காடு அடிவாரத்துக்கு 20 போடுங்கள். ஒரு சுற்று மிதித்தால் சுமார் 3.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 18 கிலோமீட்டர் வேகம் வரும். தார் ரோட்டில் பின்னால் வரும் ஸ்கூல் பையன் முந்திப் போவான், போகட்டும். மலை ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறப்போவதாக நீங்கள் எழுதவில்லை, ஆனால் எல்லாரும் ஒருநாள் ஏறத்தான் பார்ப்பார்கள். அப்போது 22 பல் தேடுங்கள்.

அடுத்து செயின் இழுவை. உங்கள் ஃப்ரேமில் பின் அச்சு உட்காரும் காடி கீழ்நோக்கித் திறந்திருக்கும், அச்சை முன்பின் நகர்த்த முடியாது. அதனால் செயின் தொய்வை எடுக்க ஏதாவது வேண்டும். அதற்குத்தான் பழைய பின் டீரெய்லரை வைத்திருக்கச் சொன்னேன். அதன் எல்லைத் திருகைத் திருப்பி, சின்னப் பல்லுருளை செயினுக்கு நேர் கீழே வரும்படி நிறுத்திவிட்டால் போதும். தனியாக டென்ஷனர் வாங்கத் தேவையில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இதை எழுதாவிட்டால் பத்துப் பேர் எழுதிக் கேட்பார்கள், எனக்கும் இதில் கொஞ்சம் பைத்தியம். சில ஃப்ரேம்களில் முன்பல், பின்பல், செயின் நீளம் மூன்றும் தற்செயலாகப் பொருந்தி, டென்ஷனரே இல்லாமல் செயின் விறைப்பாக நிற்கும். எப்படி என்றால், முன்னாலோ பின்னாலோ ஒரு பல் கூட்டினால், அச்சு சுமார் 3 மில்லிமீட்டர் நகர்ந்தது மாதிரி. செயினில் அரைக் கண்ணி ஒன்று சேர்த்தால் 6 மில்லிமீட்டர் சொச்சம். ஆக 32க்கு 20 தொய்ந்தால் 33க்கு 20 பார்க்கலாம், 32க்கு 21 பார்க்கலாம், ஒரு முழுக் கண்ணியை எடுத்துவிட்டு அரைக் கண்ணி சேர்த்துப் பார்க்கலாம். நடுவில் விரலால் தூக்கினால் செயின் ஒரு சென்டிமீட்டருக்குமேல் ஆடக்கூடாது. பொருந்திவிட்டால் அதைப்போல அழகு கிடையாது. சத்தமே இல்லாமல் ஓடும். ஆனால் செயின் தேயும். அரை சதவீதம் தேய்ந்தாலே உங்கள் செயினின் மொத்த நீளத்தில் 6 மில்லிமீட்டர் கூடிவிடும், அதாவது அச்சு 3 மில்லிமீட்டர் தளர்ந்த கணக்கு. முதல் மாதம் விறைப்பாக இருந்தது மூன்றாவது மாதம் கழன்று விழும், அதுவும் நீங்கள் எழுந்து நின்று மிதிக்கும்போது. முழங்கால் ஹேண்டில் பாரில் அடிக்கும். அப்போது புதுச் செயின் போட வேண்டும், பழையதில் கண்ணி எடுத்துச் சரிக்கட்ட முடியாது. காடியை அரத்தால் தேய்த்து இடம் உண்டாக்கச் சொல்லும் வீடியோக்களும் சுற்றுகின்றன. அலுமினிய ஃப்ரேமில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். சுருக்கமாக, டீரெய்லரை மாட்டி ஓட்டுங்கள். பொழுதுபோகாத ஞாயிற்றுக்கிழமை இந்த விளையாட்டை விளையாடிப் பாருங்கள்.

சரி, பணம் எங்கே போக வேண்டும்? ஃபோர்க்கில். உங்களிடம் இருக்கும் ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரைக் கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். ஸ்பிரிங் இல்லாத குரோமோலி இரும்பு ஃபோர்க் 1.2 கிலோ அளவில் கிடைக்கும். இந்த ஒரே மாற்றத்தில் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். வாங்கும்போது வி பிரேக் மாட்டும் முளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சிலிருந்து ஃபோர்க்கின் தோள்வரை அளந்து, பழையதைவிட 20 மில்லிமீட்டருக்குமேல் குட்டையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு குட்டையானாலே முன்பக்கம் ஒரு டிகிரி செங்குத்தாகி, இறக்கத்தில் சைக்கிள் படபடக்கும். கை வலிக்கும் என்று பயப்படாதீர்கள். முன்னால் கொஞ்சம் அகலமான டயர் போட்டுக் காற்றைக் குறைத்தால் பாதி அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். டயரில் கம்பி விளிம்பு வேண்டாம், மடிக்கக்கூடியது வாங்குங்கள். இரண்டுக்கும் சேர்த்து நானூறு கிராம் குறையும், அதுவும் சுற்றும் இடத்தில்.

கார்பன் ஃபோர்க் பற்றி. பெயர் இல்லாத, பில் இல்லாத கார்பனைத் தொடாதீர்கள். நல்ல கம்பெனி கார்பன் நல்ல பொருள்தான், ஆனால் 28,000 ரூபாய்க் கணக்கில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அது இல்லை. மேலே பின்னல் டிசைன் தெரிந்தால் உள்ளே நன்றாக இருக்கும் என்று அர்த்தம் கிடையாது. இரும்பு வளைந்து எச்சரிக்கும், கார்பன் சொல்லாமல் உடையும். கார்பன் தண்டுக்குள் இரும்பு ஃபோர்க்குக்கு அடிக்கும் நட்சத்திர நட்டை அடித்து, உள்ளே விரிசல் விட்ட ஃபோர்க் ஒன்று என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. மாட்டிக் கொடுத்தவரும் இப்படி 'பில்ட்' செய்து தரும் ஒருவர்தான். கடை கிடையாது, பலகை கிடையாது, ஒரு போன் நம்பர் மட்டும். ஃபோர்க் உடைந்தால் அந்த நம்பர் எடுக்காது. இவர்களில் சிலர் பழைய ஃப்ரேமும் விற்கிறார்கள். பிபிக்கு அடியில் பொறித்த எண் சுரண்டப்பட்டிருந்தால் அது யாரோ ஒரு மாணவர் தொலைத்த சைக்கிள்.

பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. இன்னும் 12 என்று சொல்லி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமே என்பீர்கள். ஐம்பது கிராம்கூட இல்லாத ஒரு பல்சக்கரத்தை நான் வரவழைத்தபோது, சுங்கவரி, கூரியர்காரரின் 'கையாளும் கட்டணம்', அதற்கு ஒரு வரி என்று சேர்ந்து பொருளின் விலையையே தாண்டிவிட்டது. அடையாள அட்டையை மூன்று முறை அனுப்பச் சொன்னார்கள். உலகிலேயே அதிகம் சைக்கிள் செய்யும் நாடுகளில் ஒன்றில், 26 அங்குலத்துக்கு ஒரு உருப்படியான ஃபோர்க் வாங்க இத்தனை பாடு. கடைக்குப் போனால் '26 செத்துப்போச்சு சார், 29 எடுத்துக்குங்க' என்பார்கள். அது அவர்கள் ஸ்டாக் பிரச்சினை, உங்கள் சைக்கிளின் பிரச்சினை இல்லை.

ஆக, 15,000இல் பாதியை ஃபோர்க்குக்கும் டயருக்கும் ஒதுக்குங்கள். கிராங்க், ஃப்ரீவீல், செயின், கூலி எல்லாம் மீதியில் அடங்கும். கொஞ்சம் மிஞ்சினால் அந்த மெத்தை சீட்டை மாற்றுங்கள். இறக்கத்தில் இறங்குவதற்கு முன் பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போடுங்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓட்டியதும் இரண்டு கிராங்க் போல்ட்களையும் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். தளர்ந்த கிராங்க்கோடு ஓட்டினால் அதன் சதுரத் துளை உருண்டையாகிவிடும். புது கிராங்க்குக்கு இன்னொரு தடவை என்னிடமோ அந்த 28,000 ரூபாய்க்காரரிடமோ வர வேண்டியிருக்கும்.