கொதிக்க வைத்தால் நச்சும் அழியுமா? – கேள்வி-பதில்

இம்முறை கொழும்பு வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுள் பல, நன்றாகக் கொதிக்க வைத்தால் எதுவும் போய்விடும் என்ற நம்பிக்கையிலிருந்தே எழுந்துள்ளன. கிருமி சாகும் என்பது உண்மைதான். அது சுரந்துவிட்ட நச்சு எல்லா வேளைகளிலும் அதனோடு சேர்ந்து அழிவதில்லை.

நண்பகலில் வாங்கிய சோற்றுப் பார்சலில் மீந்ததை இரவில் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட்டோம். கெட்ட மணமும் இல்லை. இரண்டு மணித்தியாலத்திற்குள் மூவருக்கும் வாந்தி. ஏன்? (வெள்ளவத்தை)

நீங்கள் குறிப்பிடும் நேர இடைவெளியைக் கொண்டு பார்த்தால், பசிலஸ் சீரியஸ் என்னும் மண்வாழ் பக்டீரியாவின் மீதே முதலில் ஐயம் எழுகிறது. ஸ்டஃபிலோகொக்கஸ் என்னும் வேறொரு பக்டீரியாவின் நச்சும் இதே வேகத்தில் வாந்தியை உண்டாக்கும் என்பதால், மீதி உணவைப் பரிசோதிக்காமல் முடிவாகச் சொல்ல இயலாது. பசிலஸின் வித்திகள், அதாவது அது தடித்த உறைக்குள் உறங்கும் வடிவங்கள், வயலிலிருந்து அரிசியோடு வந்து, உலை கொதிக்கும் வெப்பத்தையும் தாங்கிப் பிழைத்து, சோறு ஆறி வெதுவெதுப்பாகும்போது முளைத்துப் பெருகி, சீரியூலைட் என்னும் நச்சைச் சோற்றிலேயே சேர்த்துவிடுகின்றன. 121 பாகை செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாத அந்த நச்சை வீட்டு அடுப்பு என்ன செய்துவிடும்? அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. மூடிய சட்டியின் நடுச்சோறு மணிக்கணக்காக இளஞ்சூட்டிலேயே இருக்கும். ஆகவே மீந்ததை அகன்ற தட்டில் பரப்பி, இரண்டு மணித்தியாலத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையிலேயே கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் பார்சல்களைப் பொறுத்தவரை, உங்கள் கைக்கு வருமுன்பே அந்த நேரக்கணக்கு தொடங்கிவிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

சூரைமீன் கறி சாப்பிட்ட அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலை வலித்தது. எனக்கு மீன் ஒவ்வாமையா? (கொட்டாஞ்சேனை)

இதற்கு முன் சூரை உங்களுக்கு ஒத்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் இல்லை. பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் கிடக்கும்போது, அதன் தசையிலுள்ள ஹிஸ்டிடீன் என்னும் அமினோ அமிலத்தை பக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன; ஒவ்வாமையின்போது நம் உடல் சுரப்பதும் இதே பொருள்தான். சமைத்தாலும் உறையவைத்தாலும் அது போகாது. நாவில் மிளகுபோல் உறைத்தால் அடுத்த வாயை உண்ணாதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கச்சானில் பூஞ்சணம் பிடித்த சில பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு மற்றதை வறுத்தால் போதுமா? தேங்காய் எண்ணெயிலும் அந்த நச்சு உண்டா? (வத்தளை)

அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்லடொக்சின் என்னும் நச்சு, 1960இல் இங்கிலாந்தில் நச்சேறிய கச்சான் புண்ணாக்குத் தீவனத்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்த பின்னரே இனங்காணப்பட்டது. அது ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். ஹெபடைடிஸ் பி தொற்றுள்ளவருக்கு ஆபத்து பல மடங்காகும். சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளை அகற்றினால் நச்சின் பெரும்பகுதி குறையும், ஆனால் வறுப்பது அதை முற்றாக அழிக்காது. பூஞ்சணம் பரவலாகத் தெரியும் பையை முழுதாகவே எறிந்துவிடுவது நல்லது. எண்ணெயைப் பொறுத்தவரை, 2021இல் இறக்குமதியான தேங்காய் எண்ணெய் இந்த நச்சு காணப்பட்டதால் திருப்பி அனுப்பப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். கொப்பரா சரியாகக் காயாததே பெரும்பாலும் மூலகாரணம். முறையாகச் சுத்திகரித்தால் எண்ணெயிலிருந்து நச்சு நீங்கும். செக்கில் ஆட்டும்போதோ அதன் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கி, அதைத் தின்னும் பசுவின் பாலில் வேறொரு வடிவில் வெளிப்படுகிறது. இதைப் பற்றித்தான் எவரும் கேட்பதில்லை.

பேரே வாவி பச்சைச் சாயம் கரைத்ததுபோல் தெரிகிறது. அருகில் நடப்பது ஆபத்தா? குழாய்த் தண்ணீரிலும் இது வருமா? (கொம்பனித் தெரு)

அந்த வாவியில் படரும் பச்சையின் பெரும்பகுதி மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி. கழிவுநீரோடு வந்து சேரும் பொசுபரசும் நைதரசனுமே அதற்கு உரம். அது சுரக்கும் மைக்ரோசிஸ்டின் ஈரலைத் தாக்கக்கூடியது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1 மைக்ரோகிராம் என உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டு வரம்பு வைத்திருக்கிறது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் இந்நச்சு கலந்த நீரால் குருதிச் சுத்திகரிப்புச் செய்யப்பட்ட நோயாளர்களுள் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2014இல் அமெரிக்காவின் டொலிடோ நகரக் குழாய் நீரில் இந்நச்சு கலந்தபோது, மக்களிடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் வேண்டாம் என்றே கூறப்பட்டது. கொதித்தால் நீர் வற்றும், நச்சு செறியும். கரையோரம் நடப்பதில் அச்சமில்லை. நீரில் கைவைப்பதையும், அங்கு பிடித்த மீனை, குறிப்பாக அதன் குடலையும் ஈரலையும், உண்பதையும் தவிருங்கள். கொழும்பின் குழாய் நீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது, பேரே வாவியிலிருந்து அல்ல.

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கலாமா? மாமியார் வற்புறுத்துகிறார். (தெஹிவளை)

வேண்டாம். தேனில் நச்சு இருப்பதில்லை. ஆனால் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பக்டீரியாவின் வித்திகள் இருக்கலாம். வளர்ந்தவர் குடலில் அவை முளைக்க இடம் கிடைப்பதில்லை; ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலிலோ முளைத்து, நரம்புகளை முடக்கும் நச்சை அங்கேயே சுரக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், மலச்சிக்கல், மெலிந்த அழுகை, பால் உறிஞ்ச இயலாமை ஆகியவற்றைக் கவனியுங்கள். ஒன்று தோன்றினாலும் உடனே வைத்தியரிடம் சென்று, தேன் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.