டாக்டர் பதில்கள்: ஒல்லியா இருக்கறவனுக்கு எப்படி மேடம் சுகர்?

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு 38 வயசு, மும்பை செம்பூர்ல இருக்கோம், சிஎஸ்டி பக்கம் ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் வேலை. உயரம் 170 செ.மீ., எடை 63 கிலோ, கல்யாணத்துக்கு தச்ச பேன்ட் இன்னும் பத்துது. ஆபீஸ் செக்கப்ல வெறும் வயித்துல எடுத்த ஃபாஸ்டிங் சுகர் 109, மூணு மாச சராசரி சொல்ற ஹெச்பிஏ1சி 6.1, ரத்தக் கொழுப்புல டிரைகிளிசரைட் 232, நல்ல கொழுப்புன்னு சொல்ற ஹெச்டிஎல் 34ன்னு வந்திருக்கு. சாய்கூட சர்க்கரை இல்லாமத்தான் குடிக்கறேன். ஊர்ல அம்மாவுக்கு 50 வயசுலருந்து சுகர். லேப்ல தப்பா எடுத்துட்டாங்களா? மாத்திரை இப்பவே ஆரம்பிக்கணுமா?

பதில்: தம்பி, வேணும்னா வேற லேப்ல ஒருதடவை எடுத்துப் பாருங்க, ஆனா நாலு நம்பரும் ஒரே பக்கம்தான் கை காட்டுது, எனக்கு சந்தேகம் இல்ல. இது பிரீடயபடீஸ், சுகர் நோய்க்கு முந்தின கட்டம், அதாவது சர்க்கரைய கட்டுப்படுத்தற இன்சுலின் சுரக்குது, உடம்பு அதோட பேச்சை சரியா கேக்கல (இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்னு சொல்றது இதைத்தான்).

முதல்ல அந்த பேன்ட் விஷயம். நம்ம ஆம்பளைங்க பேன்ட்டை தொப்பைக்குக் கீழ இறக்கித்தான் போடறாங்க, அதனால அது பத்தறத வெச்சு வயித்தைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. வீட்டுல தையல் டேப் இருக்கும்ல, சட்டையைத் தூக்கிட்டு கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல வெச்சு, மூச்சை சாதாரணமா விட்டுட்டு அளந்து பாருங்க, வயித்தை எக்காதீங்க. நம்ம நாட்டு ஆம்பளைக்கு 90 செ.மீ., பொம்பளைக்கு 80 தாண்டினா வயித்துக் கொழுப்புன்னு அர்த்தம், எடை எவ்வளவு இருந்தாலும் சரி. கழுத்துக்குப் பின்னாடி கருப்பா தடிச்சிருக்கான்னும் உங்க வீட்டம்மாவை பாக்கச் சொல்லுங்க, அது அழுக்குன்னு தேய்ச்சுட்டே இருப்பாங்க, பல பேருக்கு அது இன்சுலின் ரெசிஸ்டன்ஸோட அடையாளம்.

ஒல்லி உடம்புக்குள்ள கொழுப்பு இருக்கறதுக்கு நல்ல சாட்சி நம்ம பக்கத்துலயே இருக்காரு, புனே டாக்டர் யாஜ்னிக். அவரும் இங்கிலாந்து டாக்டர் யுட்கினும் 2004ல லான்செட் மருத்துவ இதழ்ல தங்களையே வெச்சு எழுதினாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோட சேர்த்துப் பாக்கற எடைக் கணக்கு, 22.3தான், ஆனா உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. யுட்கின் மாரத்தான் ஓடறவர், யாஜ்னிக் பொறக்கும்போதே எடை கம்மி, ரெண்டுமே காரணமா இருக்கலாம்னு அதுலயே சொல்லியிருக்காங்க. உங்க பிஎம்ஐ 21.8. நமக்கு தசை கம்மி, கொழுப்பு கல்லீரல்லயும் வயித்துக்குள்ளயும் போய் உக்காந்துக்குது, சாப்பிட்ட பிறகு ரத்தத்துல ஏறற சர்க்கரைய பெரும்பங்கு வாங்கிக்க வேண்டியது தசைதான், அதுவே கம்மின்னா பாவம் கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரந்து ஒருநாள் ஓஞ்சு போகும். 2023ல வந்த ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வு நாட்டுல 13.6 கோடி பேர் உங்க நிலைமைலதான் இருக்காங்கன்னு சொல்லுது.

சாய்ல சர்க்கரை இல்ல, சரி, உங்க மதிய டப்பாவைத் திறந்து பாருங்க. ரெண்டு அடுக்குல சாதம், ஒண்ணுல சாம்பார், மேல உருளைக்கிழங்கு வறுவல், சாயங்காலம் ஸ்டேஷன் வாசல்ல வடாபாவ்னா அது மைதாவுக்குள்ள மறுபடி உருளைக்கிழங்கு. சாதத்தை விடச் சொல்லல தம்பி, ஒரு அடுக்கா குறைங்க, அந்த இன்னொரு அடுக்குல சுண்டலோ முட்டையோ மீனோ வரட்டும், வறுவலுக்குப் பதிலா பீன்ஸ், கோஸ், கீரை. ராத்திரி சாப்பிட்டதும் படுக்காம பதினஞ்சு நிமிஷம் கீழ நடங்க, தசை வேலை செய்யறப்போ இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரைய இழுத்துக்கும். வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் தண்டால், பைட்டக் (உக்காந்து எழறது), ஏதாவது தசைக்கு வேலை வெக்கறதையும் செய்ங்க, லோக்கல் பிடிக்க ஓடறது கணக்குல வராது.

மாத்திரைக்கு வரேன். சென்னைல டாக்டர் ராமச்சந்திரன் குழு உங்கள மாதிரி சர்க்கரை எல்லைல இருந்த 531 பேரை சுமார் மூணு வருஷம் கவனிச்சாங்க, 2006ல வெளியாச்சு. வழக்கமான அறிவுரையோட மட்டும் விட்டவங்கள்ல 55 சதவீதம் பேருக்கு டயபடீஸ் வந்துடுச்சு, சாப்பாடும் நடையும் மாத்தினவங்கள்ல 39.3, மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை போட்டவங்கள்ல 40.5, ரெண்டும் சேர்த்தப்போ 39.5. பாருங்க, நடைக்கும் மாத்திரைக்கும் கிட்டத்தட்ட ஒரே பலன், சேர்த்தாலும் கூடல. அதனால உங்க டாக்டர் வேற காரணத்துக்காக வேணும்னு சொன்னாலொழிய இப்ப மாத்திரை வேண்டாம்னுதான் நான் சொல்வேன். பிபியையும் கல்லீரலையும் ஒருதடவை பாத்துக்கோங்க, மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி எடுத்துட்டு டேப் அளவையும் சேர்த்து எனக்கு எழுதுங்க.