மச்சான் கொண்டுவந்த மார்புப் பட்டை

போன மாதம் ஓட்டக்காரர் வாட்ச் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சென்சார் புராணம்தான். சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கே: துபாயிலிருந்து மச்சான் இதயத் துடிப்பு பார்க்கும் மார்புப் பட்டை கொண்டுவந்தார். போனில் உடனே சேர்ந்துகொண்டது. வாட்ச் மட்டும் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது. வாட்ச் பழுதா? (கீழக்கரை)

ப: வாட்சைக் குறை சொல்லாதீர்கள், பட்டையைப் போன் பிடித்து வைத்திருக்கிறது. ப்ளூடூத்தில் பல பட்டைகள், அதிலும் பழைய மாடல்கள், ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும். போனில் அந்தப் பட்டையை நீக்கிவிட்டு, வாட்சில் சென்சார் மெனுவுக்குள் போய்த் தேடுங்கள். மேசையில் கிடக்கிற பட்டை தூங்கிக்கொண்டிருக்கும். நெஞ்சைத் தொடும் பகுதியைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால்தான் விழிக்கும். பக்கத்தில் இன்னொருவர் பட்டை கட்டியிருந்தால் பத்து மீட்டர் தள்ளி நின்று சேருங்கள், இல்லையென்றால் அவர் துடிப்பை உங்கள் வாட்ச் எண்ணிக்கொண்டிருக்கும்.

அப்படியும் வரவில்லை என்றால் பாஷைதான் பிரச்சினை. இந்தச் சென்சார்கள் ப்ளூடூத், ஆன்ட் பிளஸ் என்று இரண்டு பாஷை பேசுகின்றன. சிலதுக்கு இரண்டும் தெரியும், சிலதுக்கு ஒன்றுதான். உங்கள் வாட்ச் ஆன்ட் பிளஸ் மட்டும் தெரிந்த பழைய மாடலாக இருக்கலாம். எனக்கு நேர்மாறாக நடந்தது. ஆன்ட் பிளஸ் மட்டும் பேசும் பட்டையை மதுரையில் செகண்ட் ஹேண்டில் 1,800 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். என் வாட்சுக்கோ ப்ளூடூத் மட்டும்தான் தெரியும். இப்போது அந்தப் பட்டையில் பாய் சுருட்டிக் கட்டுகிறோம்.

கே: மகனின் 24 இஞ்சு சைக்கிளில் வேக சென்சார் மாட்டினோம். பாம்பன் சாலைப் பாலத்தை ஒருமுறை கடந்தால் 2.6 கி.மீ. காட்டுகிறது. மட்டமான பொருள். திருப்பி அனுப்பிவிடட்டுமா? (ராமேஸ்வரம்)

ப: அனுப்பாதீர்கள், பாவம் அந்தக் கடைக்காரர். 1988-ல் திறந்த அந்தப் பாலம் 2.3 கி.மீ. சொச்சம், அதில் உங்கள் சந்தேகம் நியாயம்தான். ஆனால் சக்கரச் சுற்றளவு என்று வாட்ச் ஓர் எண் கேட்டதே, அதற்கு என்ன கொடுத்தீர்கள்? கடிதம் மூன்று பக்கம் இருந்தது, அதில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. சென்சார் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று மட்டும்தான் எண்ணும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெரிய ரேஸ் சைக்கிளின் 2,105 மில்லிமீட்டரோ வேறு ஏதோ ஓர் எண்ணையோ அதுவாக வைத்துக்கொள்ளும்.

டயரில் எப்போதும் இருக்கிற அளவு காற்று அடியுங்கள். காற்று அடிக்கிற வால்வு தரையைப் பார்க்கிறபடி சக்கரத்தை நிறுத்தி, அதன் நேர் கீழே சாக்பீஸால் கோடு போடுங்கள். பையன் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் ஏறினால் டயர் அமுங்கிச் சுற்றளவு கொஞ்சம் குறையும். நேராக ஐந்து சுற்று தள்ளி, வால்வு மறுபடி கீழே வந்த இடத்தில் இன்னொரு கோடு. நடுவில் உள்ள தூரத்தை ஐந்தால் வகுங்கள். 24 இஞ்சில் அது 9.45 மீட்டர் என்று வந்தால் ஒரு சுற்று 1,890 மில்லிமீட்டர். இப்போது உங்கள் 2.6-ஐ 1,890-ஆல் பெருக்கி 2,105-ஆல் வகுத்துப் பாருங்கள். 2.33. பாலம் வந்துவிட்டதா?

கே: பாக் நீரிணையில் நீந்தப் பயிற்சி எடுக்கிறேன். தண்ணீருக்குள் போனதும் பட்டைக்கும் வாட்சுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. (தனுஷ்கோடி)

ப: அறுந்தே தீரும், இந்த ரேடியோ அலை தண்ணீரைத் தாண்டாது. துடிப்பைத் தன்னிடமே சேமித்துக் கரையேறியதும் வாட்சுக்குக் கொடுக்கும் பட்டைகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

கே: பட்டையின் பேட்டரி மாதம் ஒன்று தீர்கிறது. (உச்சிப்புளி)

ப: ஓடிவிட்டு வந்து ஈரத்தோடு ஆணியில் மாட்டுகிறீர்கள். ஈரம் இருக்கும்வரை நெஞ்சில்தான் இருக்கிறோம் என்று நினைத்து அது விழித்துக்கிடக்கும். பட்டையில் மாட்டியிருக்கும் சின்னச் சென்சார் பெட்டியைக் கழற்றிவைத்துவிட்டுப் பட்டையை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கே: காவலர் தேர்வு ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன். அப்பா கடலுக்குப் போய்ச் சம்பாதித்த 3,500 ரூபாயில், ஓடிய தூரத்தை அளக்க ஷூவில் மாட்டும் சென்சார் வாங்கினேன். என் வாட்சைக் காட்டித்தான் கேட்டேன். "எல்லா வாட்சுக்கும் சேரும்" என்றார் கடைக்காரர். சேரவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சீட்டில் உள்ள முத்திரையைக் காட்டுகிறார். அதுவும் பில் இல்லை, எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டு. (தொண்டி)

ப: தம்பி, அந்த முத்திரையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ள நூறு, நூற்றைம்பது ரூபாய் ஆகும். அதைக் குத்திவிட்டால் நாடாளுமன்றம் போட்ட சட்டம் ரத்தாகிவிடும் என்று நம் ஊர்க் கடைக்காரர்கள் எத்தனை வருடமாக நம்புகிறார்கள்! வாங்குகிறவர்களும் அதைப் பார்த்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறார்கள். நானே ஒருமுறை, தைத்த இடம் பிரிந்த புது ஷூவோடு அப்படித் திரும்பி வந்தவன்தான்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது வேறு. பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். சேராத பொருளைச் சேரும் என்று சொல்லி விற்பதும் அதே கணக்குத்தான். உன் விஷயத்தில் இது மூன்றாவது ரகம். வாட்சைக் காட்டிக் கேட்டாய் பார், அங்கேதான் உன் பலம். (கேட்காமல் தானாக எடுத்துவந்து பிறகு சேரவில்லை என்பவர்கள் இந்தப் பதிலைக் கடையில் நீட்ட வேண்டாம்.)

பணத்தைப் போனில் அனுப்பியிருந்தால் அந்த ரசீதே சாட்சி. எஸ்டிமேட் சீட்டையும், பெட்டியில் அச்சிட்டிருப்பதையும், சேரவில்லை என்று வாட்ச் காட்டுகிற திரையையும் போட்டோ எடுத்து வை. கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி மரியாதையாக எழுது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீ வசிக்கிற ராமநாதபுரம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பணம் வந்து வேறு சென்சார் வாங்கினால், 400 மீட்டர் தடத்தின் உள்வரிசையில் நாலு சுற்று ஓடு. 1,600-க்குப் பதில் 1,520 என்று காட்டினால், அதில் இருக்கும் திருத்த எண்ணை 1,600-ஆல் பெருக்கி 1,520-ஆல் வகுத்துப் போடு. 100 இருந்த இடத்தில் 105.3 வரும். கடற்கரை மணலில் வைத்து இதைச் செய்யாதே, மணலில் காலடியின் நீளம் குறையும். முடிவு என்ன ஆனது என்று எனக்கு எழுது.

கே: ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்கும் வாட்ச் ஆன்லைனில் 1,299 ரூபாய். அம்மாவுக்கு வாங்கலாமா? (தேவிபட்டினம்)

ப: கூடாது. அப்படி எந்த வாட்சுக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அதை நம்பி அம்மா மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் என்ன ஆகும்?

கே: ஐப்பசி மழைக்கு முதல் நாள் வீட்டுத் திண்ணையை விட்டு நான் இறங்கவே இல்லை. வாட்ச் 40 மீட்டர் உயரம் ஏறியதாகக் காட்டுகிறது. (மண்டபம்)

ப: உயரம் பார்க்கும் சென்சார் உண்மையில் பார்ப்பது காற்றழுத்தத்தை. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் எட்டு மீட்டர் ஏறியதாக நினைத்துக்கொள்ளும். ஐந்து இறங்கியிருக்கிறது, நீங்கள் மலையேறிவிட்டீர்கள். கொடைக்கானல்காரர் இதைச் சரிசெய்யத் தன் ஊர் உயரத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அலை காலைத் தொடுகிற இடத்தில் நின்று, உயரம் 0 என்று பதிந்துவிடுங்கள். அப்படியே வாட்சின் ஓரத்தில் ஊசிமுனை அளவில் ஓட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். காற்று போவது அதன் வழியாகத்தான். நம் ஊர் உப்பும் மணலும் அதை அடைத்துவிடும். குண்டூசியால் குத்தாதீர்கள், நான் குத்திப் பார்த்துவிட்டேன். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் சற்று நேரம் போட்டு எடுத்தால் போதும்.