மீன் பெட்டி ஏற்றும் வண்டிக்கு எந்த லைனர்?

புது பொலேரோ பிக்கப்பில் தினமும் ஐஸ் போட்ட மீன் பெட்டி ஏற்றுகிறேன், பின்தட்டின் தகட்டைக் காக்க மேலே பதிக்கும் பிளாஸ்டிக் லைனர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. உப்புத் தண்ணீர் அதன் அடியில் இறங்கினால் காயாது. ஓடும்போது பிளாஸ்டிக் அதிர்ந்து பெயின்ட்டைத் தேய்த்துவிடும். என் பழைய வண்டியில் அதைக் கழற்றியபோது தகடு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, மனசே ஆறவில்லை.

பாலியூரியா ஸ்பிரே கோட்டிங், அதாவது பீய்ச்சி அடித்ததும் ரப்பர் மாதிரி இறுகும் பூச்சு, அடியுங்கள். தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் புக இடமிருக்காது. ஆனால் அடிப்பதற்கு முன் பிசுக்குப் போகக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். அதில் குறை வைத்தால் தோல் மாதிரி உரிந்து வரும். தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் அடைக்க விடாதீர்கள்.

அப்புறம், பெட்டி வழுக்கினால் மேலே ரப்பர் மேட் போதும். வாரம் ஒருமுறை தூக்கி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.