கல்லில் நிக்கல் 2,100 பிபிஎம்: மீட்டர் வைத்துத் தேடலாமா?

கேள்வி: சிறுமுகை பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் தோட்டம். கிணற்றை ஆழப்படுத்தும்போது கரும்பச்சையாக, கனத்த கல் வந்தது. உடைத்தால் பித்தளை நிறத்தில் மினுக்குகிறது. ஆய்வகத்தில் நிக்கல் 2,100 பிபிஎம் என்றார்கள். போருக்குப் பாயிண்ட் பார்ப்பவர், "40 மீட்டரில் மின்தடை இறங்குதுங்க, உலோகந்தான். தோட்டம் முழுக்க சர்வே பண்ணிரலாம்" என்கிறார். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு அந்தச் செலவு வேண்டாம். முதலில் கல்லைக் கேளுங்கள், கருவி அப்புறம்.

2,100 பிபிஎம் என்பது 0.21 சதவீதம். டூனைட், பெரிடோடைட் போன்ற மக்னீசியம் மிகுந்த பாறைகளில் 0.2 முதல் 0.3 சதவீதம் நிக்கல் இருப்பது சாதாரணம். சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்களில் இருப்பதும் இந்த டூனைட் இனம்தான். அந்த நிக்கல் ஆலிவின் கனிமத்துக்குள் மக்னீசியம் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதை எந்தச் சர்வே கருவியும் காட்டாது. கருவிக்குப் பிடிபடுவது சல்பைடு, அதாவது கந்தகத்தோடு உலோகம் சேர்ந்த கனிமம்: நிக்கல் உள்ள பென்ட்லண்டைட், அதோடு கூடவே வரும் பிர்ரோடைட் (இரும்பு), சால்கோபைரைட் (தாமிரம்).

ஆகவே காற்று மழை படாத புதுக்கல்லாக 2 கிலோ எடுத்து, நிக்கலோடு கந்தகம், தாமிரம், கோபால்ட், மக்னீசியம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கந்தகம் 0.1 சதவீதத்துக்கும் கீழே, மக்னீசியம் மட்டும் ஏகத்துக்கு என்றால் கதை அங்கேயே முடிந்தது. கந்தகம் ஏறும் கல்லில் நிக்கலும் தாமிரமும் சேர்ந்து ஏறினால்தான் மேலே பேச விஷயமுண்டு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மினுக்கும் இடத்தைக் கோணி ஊசியால் கீறுங்கள். தகடு தகடாகப் பெயர்ந்தால் அது வெறும் காக்காப்பொன். பொடியாக உதிர்ந்தால், மெருகு பூசாத டைல்ஸின் பின்பக்கம் கல்லைத் தேய்த்துப் பாருங்கள். கருஞ்சாம்பல் கோடு விழுந்து, பொடி காந்தத்தில் லேசாக ஒட்டினால் பிர்ரோடைட்டாக இருக்கலாம். பாய்ந்து ஒட்டினால் அது பெரும்பாலும் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம்.

மீட்டர்காரர் சொன்ன இறக்கத்துக்கு வருவோம். நம் ஊரில் உளுத்த பாறையும் நீர் கோத்த வெடிப்பும் சில பத்து முதல் நூறு ஓம்-மீட்டர் வரை மின்தடை காட்டும். அடியில் உள்ள கெட்டிப்பாறை ஆயிரக்கணக்கில் போகும். திரண்ட சல்பைடோ 1 ஓம்-மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியது. அவர் பார்த்தது எத்தனை ஓம்-மீட்டர் என்று கேளுங்கள். 40 ஓம்-மீட்டர் என்றால் அது பெரும்பாலும் தண்ணீர். அதுவும் நல்ல சேதிதான். தவிர, நான்கு கம்பி அடித்து ஒரே இடத்தில் ஆழம் பார்க்கும் முறை பூமி தட்டுத்தட்டாகப் படிந்திருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடும். செங்குத்தாக நிற்கும் மெல்லிய சல்பைடுப் பட்டை அதில் சிக்காது.

முறையான தேடல் காந்தச் சர்வேயில் தொடங்கும். பாறை ஓடும் திசைக்குக் குறுக்கே 50 மீட்டர் இடைவெளியில் கோடு போட்டு, கோட்டில் 10 மீட்டருக்கு ஒரு அளவு எடுப்பார்கள். நம் பகுதியில் இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் முழுக்கக் கிடைமட்டமாக இருக்கும் கோடு) தமிழகத்தின் தென்கோடிப் பக்கம் போவதால், சுமார் 40,000 நானோடெஸ்லா உள்ள பூமியின் காந்தப்புலம் இங்கே ஏறக்குறைய படுத்துக் கிடக்கிறது. கனடாப் பாடப் படத்தில் காந்தப் பாறைக்கு மேலே அளவுக் கோட்டில் மேடு தெரியும். இங்கே பெரும்பாலும் பள்ளம்தான் தெரியும். மேட்டைப் பார்த்துத் துளை போட்டால் பாறை பக்கத்தில் கிடக்கும். உச்சி வெயில் நேரத்தில் புலமே பல பத்து நானோடெஸ்லா ஏறி இறங்கும் என்பதால், ஓரிடத்தில் நிலையாக இன்னொரு கருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அளப்பவர் இடுப்பில் செல்போனும் சாவிக்கொத்தும் கூடாது. போர்வெல் கேசிங், கம்பிவேலி, டிரான்ஸ்பார்மர் எல்லாமே பொய்க்குறி தரும். கஞ்சமலையில் உள்ளது போன்ற மேக்னடைட் குவார்ட்சைட் பட்டைக்கும் காந்தமுள் துள்ளும். அதில் இருப்பது இரும்பு.

அடுத்தது மின்காந்தச் சர்வே. 100 அல்லது 200 மீட்டர் சதுரமாக ஒயர் விரித்து, மின்சாரத்தைப் பாய்ச்சிச் சட்டென்று நிறுத்துவார்கள். அடியில் தூண்டப்பட்ட மின்னோட்டம் மேல்மண்ணில் சீக்கிரம் அடங்கிவிடும். திரண்ட சல்பைடில் மெதுவாக அடங்கும். கடைசி நேரத்து அளவுகளிலும் சமிக்ஞை நின்றால்தான் கவனிக்க வேண்டும். 1956இல் கனடாவின் தாம்சன் நிக்கல் படிவு விமானத்தில் வைத்த மின்காந்தக் கருவியால்தான் பிடிபட்டது. ஆனால் கிராஃபைட்டும் இதே மாதிரிதான் நடிக்கும். பாறைக்குள் பொட்டுப்பொட்டாகச் சிதறிய சல்பைடு இதில் தெரியாது; அதற்கு ஐபி (தூண்டிய மின்முனைவு) சர்வே வேண்டும். ஐபியில் அளக்கும் முனைக்கு இரும்புக் கம்பி போட்டால் அந்தக் கம்பியே மின்முனைவு கொண்டு அளவைக் கெடுக்கும். மயில்துத்தக் கரைசல் நிரப்பிய நுண்துளைச் சாடிதான் சரி.

காந்தம், மின்காந்தம், கல்லின் கந்தகம் மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டினால் துளையிடலாம். துளை தவறினாலும் அதற்குள் மின்காந்தக் கருவியை இறக்கினால், பல பத்து மீட்டர் தள்ளி நிற்கும் சல்பைடு தெரியும்.

6 ஏக்கர் என்பது ஏறக்குறைய 155 மீட்டர் சதுரம். 200 மீட்டர் சதுர ஒயர் அதற்குள் அடங்காது. இந்தத் தேடல் கிலோமீட்டர் கணக்கில் நடப்பது. 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி உரிமமில்லாமல் தனியார் இப்படித் தேடவும் முடியாது. கந்தகக் கணக்கு நன்றாக வந்தால், கல்லையும் அறிக்கையையும் கிணறு இருக்கும் சர்வே எண்ணையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்குப் போங்கள். கல் எத்தனை அடி ஆழத்தில் வந்தது என்பதையும் எழுதிக் கொடுங்கள்.